இசை எத்தனாவது முறை சொல்கிறது? – குறும்பட இசை பற்றி ஒரு குறிப்பு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள் யூட்யூபில் கண்ணில் பட்டால் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். ஊர்ப்பாசம்தான் முதல் காரணம். கதை எப்படி இருந்தாலும் பின்னால் மலை தெரியும், ஆண்டாள் கோயில் கோபுரம் ஒரு தடவையாவது வந்து போகும், பேச்சில் நம்ம பக்கத்து இழுவை இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்ததற்கும் இப்போதைக்கும் ஒளிப்பதிவு எங்கேயோ போய்விட்டது. நடிப்பும் பரவாயில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எந்த ஊர்ப் படம் என்றே தெரியாது. முதலில் நீளமாக ஒரு வயலின் கூட்டம், அதன்மேல் ஒரு புல்லாங்குழல், அழுகை வரும் இடத்தில் பியானோவில் நாலு சுரம். திருச்சியில் எடுத்த படத்திலும் இதே. டொரண்டோவில் நம்மாட்கள் எடுத்த படத்திலும் இதே. எல்லாரும் ஒரே லைப்ரரியை இம்போர்ட் பண்ணினால் எல்லா ப்ரோக்ராமும் ஒரே மாதிரி ஓடும், இல்லையா? அதுதான் இங்கே நடக்கிறது. கணினியில் கிடைக்கும் அதே ஒலித் தொகுப்புகள், அதே நாலு உணர்ச்சிகள்.

இதற்கு இசையமைப்பாளர்களின் திறமைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. புது இயக்குநரும் புது இசையமைப்பாளரும் சேர்ந்து வேலை செய்யும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. ஒரு காட்சியில் ஒரு விஷயத்தை யார் முதலில் சொல்வது, யார் சும்மா இருப்பது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்வதில்லை. அதனால் இசை எப்போதும் இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோதான் சொல்கிறது. இந்தக் குறிப்பில் அதைத்தான் கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறேன்.

வாரம் ஒரு படம்

தமிழில் குறும்படம் என்பது பெரிய இயக்கமாக ஆனது கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியால் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. முதல் பருவத்தில் மதனும் பிரதாப் போத்தனும் நடுவர்கள். நலன் குமரசாமி வெற்றி பெற்றார். கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன், ராம்குமார், எஸ்.யூ. அருண்குமார் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள்.

இவர்கள் முழுநீளப் படத்துக்குப் போனபோது யாரை இசைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013) இரண்டுக்கும் சந்தோஷ் நாராயணன். அவருடைய முதல் படமான 'அட்டகத்தி' வந்ததே 2012-ல்தான். 'நேரம்' (2013) ராஜேஷ் முருகேசனுக்கு முதல் படம். 'பண்ணையாரும் பத்மினியும்' (2014) ஜஸ்டின் பிரபாகரனுக்கு முதல் படம். ஷான் ரோல்டன் 2014-ல் அடுத்தடுத்துச் செய்த இரண்டு படங்கள் பாலாஜி மோகனின் 'வாயை மூடி பேசவும்', ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'. பாலாஜி மோகனின் முதல் படமான 'காதலில் சொதப்புவது எப்படி' (2012) மட்டும் ஏற்கெனவே பேர் வாங்கிய தமனிடம் போனது.

அதாவது, குறும்படத்திலிருந்து வந்த இயக்குநர்கள் தங்களோடு புது இசையமைப்பாளர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். 2012-க்குப் பிறகு தமிழ் சினிமாவின் பின்னணி இசை வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். ராஜேஷ் முருகேசன் அதோடு நிற்கவில்லை. 'பிரேமம்' (2015), 'கோல்டு' (2022) என்று அல்போன்ஸுடனேயே தொடர்ந்தார்.

இது நல்ல பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. அந்த நிகழ்ச்சியின் அமைப்பு ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. சுற்றுக்குச் சுற்று புதுப் படம். பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும், கடைசியில் ஒரு திருப்பம் வேண்டும், உடனே நடுவர் கருத்து. இந்த வேகத்தில் இசைக்குக் கிடைப்பது எடிட்டிங் முடிந்த பிறகு மிஞ்சும் ஒன்றிரண்டு ராத்திரிகள்தான். அவ்வளவு அவசரத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: படத்தில் தெரிவதை அப்படியே இசையிலும் சொல்லிவிடுவது. சிரிப்பு வந்தால் சிரிப்பு இசை, பயம் வந்தால் பய இசை. நிகழ்ச்சி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கு யாரும் கெடு வைக்காமல் சொந்தக் காசில் படம் எடுப்பவர்கள்கூட இசையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள்.

ஒரே விஷயம், மூன்று தடவை

உதாரணத்துக்கு எல்லாரும் பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சர்ஜுன் கே.எம். இயக்கிய 'லட்சுமி', 2017 நவம்பரில் யூட்யூபில் வந்தது. கணவன், மகன், வேலை, ரயில் என்று ஒரே சுற்றில் ஓடும் ஒரு பெண். ரயிலில் பார்க்கும் ஒருவனோடு ஒரு இரவு. அது சரியா தவறா என்று அன்றைக்கு நடந்த சண்டை உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. படத்தின் கட்டுமானத்தை மட்டும் பார்க்கிறேன்.

அவளுடைய அன்றாடம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அந்த மனிதனோடு இருக்கும்போது படம் வண்ணமாகிறது. ஆக, 'இவள் உயிர்ப்பாகிறாள்' என்று ஒளிப்பதிவு சொல்லிவிட்டது. அடுத்து அந்த மனிதன் பாரதியாரின் புதுமைப்பெண் வரிகளைச் சொல்கிறான். இப்போது அதே விஷயத்தை வசனமும் சொல்லிவிட்டது. லட்சுமி பிரியா சந்திரமௌலியின் முகம் இதை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது தனிக் கணக்கு. இதற்கு அப்புறம் வந்து உட்காரும் இசைக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

கே.எஸ். சுந்தரமூர்த்தி சாதாரணமான ஆளில்லை. அதே 2017-ல் ஸ்ரீ கணேஷின் முதல் படமான '8 தோட்டாக்கள்' அவர் இசையில்தான் வந்தது. 'லட்சுமி'யில் குறை அவர் பக்கம் இல்லை. எழுத்தில் இருக்கிறது. வண்ணம் மாறும் அந்த உத்தியை விட்டுவிட்டு, அந்த மாற்றத்தை இசையிடம் ஒப்படைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் பாதி முழுக்க இசையே இல்லை. ரயிலும் வேலையிடமும் வீடும் போடும் சத்தம்தான் தாளம். இரண்டாம் பாதியில் அந்தத் தாளம் நிற்கிறது, முதல்முறையாக ஒரு சுரம் வருகிறது. பாரதி தேவைப்பட்டிருக்க மாட்டார். பார்ப்பவர்களும் அவள்மேல் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவளோடு இருந்திருப்பார்கள். அன்றைக்கு நடந்த சண்டையில் பாதி அந்தப் பாரதி வரிகளைச் சுற்றியே நடந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னால் அது உபதேசம் மாதிரி ஆகிவிடுகிறது. உபதேசம் என்றால் நம் ஆட்கள் சண்டைக்குத்தான் வருவார்கள்.

இந்தக் கூட்டணி அடுத்து செய்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். 'மா' (2018) குறும்படம், பிறகு 'எச்சரிக்கை' (2018), 'ஐரா' (2019) என்று சர்ஜுனும் சுந்தரமூர்த்தியும் சேர்ந்தே போனார்கள். 'ஐரா'வின் 'மேகதூதம்' பாட்டை, படத்தைப் பார்க்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். ஒரு படத்தில் இரண்டு பேருக்கும் கிடைக்காத அவகாசம், நாலு படம் சேர்ந்து போனால் கிடைக்கிறது. கூட்டணி என்பதன் லாபமே அதுதான்.

ஒரே ராத்திரியில் நல்ல இசை வராதா?

வரும். 'பதேர் பாஞ்சாலி' (1955) கதை எல்லாருக்கும் தெரியும். சத்யஜித் ராய்க்கு அது முதல் படம். ரவிசங்கருக்கு நேரமே இல்லை. படத்தில் பாதி அளவுக்குத்தான் பார்த்தார். ஒரே அமர்வில், கிட்டத்தட்ட 11 மணி நேரத்தில், விடிய விடிய வாசித்து முடித்தார்கள். பதிவு செய்தது போதாமல் சில இடங்களுக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சிதார் வாசித்தார்.

அப்படியென்றால் அவகாசம் வேண்டும் என்ற என் வாதம் அடிபட்டுப் போகிறதே என்று கேட்கலாம். அந்தப் படத்தில் ஒரு இடத்தைப் பாருங்கள். ஊருக்குத் திரும்பி வந்த அப்பா, மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். மகள் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அம்மா உடைந்து அழுகிறாள். அந்த அழுகைச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக தார் ஷெனாய் கேட்கிறது, பட்தீப் ராகத்தில். அழுகையும் இருந்து அதன்மேல் ஷெனாயும் இருந்திருந்தால் அது நூறு படங்களில் வரும் சோகக் காட்சி. அழுகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாத்தியத்தை வைத்ததால் அது வேறொன்றாக ஆகிவிட்டது. அங்கே இசை முதல் முறையாகச் சொல்கிறது. நேரம் இல்லாவிட்டாலும் 'இங்கே யார் சொல்வது' என்ற முடிவு இருந்தது. அந்த முடிவு எடுக்கப்படாவிட்டால் மூன்று மாதம் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

ராய் பிறகு தானே இசையமைக்க ஆரம்பித்தது 'தீன் கன்யா'வில் (1961). தாகூரின் மூன்று சிறுகதைகளை வைத்து எடுத்த மூன்று சின்னப் படங்கள் சேர்ந்தது அது. அவர் இசைப் பழக்கம் தொடங்கியதே குறும்படத்தில்தான் என்று சொல்லலாம்.

நம் பக்கத்து உதாரணம், எல்.வைத்தியநாதன். 1980-களின் நடுவில் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்', ஷங்கர் நாக் இயக்கியது. பெரும்பாலான பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை, குறும்பட அளவுதான். ஆனால் இன்றைக்கும் அந்தத் தலைப்பு இசையை நாற்பது தாண்டிய யாரிடம் கேட்டாலும் 'தா ந ந' என்று பாடிக் காட்டுவார்கள். பெரிய வாத்தியக் கூட்டம் ஒன்றும் இல்லை. மனிதக் குரலில் ஒரு சின்ன முணுமுணுப்பு, அவ்வளவுதான். அது எந்தப் பாத்திரத்தின் சோகத்தையும் சந்தோஷத்தையும் சொல்லவில்லை. 'இது மால்குடி' என்று ஊரைச் சொல்கிறது. ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டோவியமும் ஆகும்பேயில் எடுத்த தெருவும் சொல்ல முடியாத ஒன்றை, அந்த ஊரின் குரலை, இசை எடுத்துக்கொண்டது.

அண்மைக் காலத்தில் ஹலிதா ஷமீமின் 'சில்லுக் கருப்பட்டி' (2019) இதற்குப் பக்கத்தில் வருகிறது. நாலு கதைகள், நாலு ஒளிப்பதிவாளர்கள், ஒரே இசையமைப்பாளர் பிரதீப் குமார். குப்பை பொறுக்கும் பையன், புற்றுநோய் வந்த மீம் பையன், வயதான இருவர், கல்யாணமாகிச் சலித்துப்போன தம்பதி. நாலும் வேறு வேறு பார்வையில் எடுக்கப்பட்டவை. இவை ஒரே உலகத்தில் நடக்கின்றன என்ற உணர்வைத் தரும் வேலை இசைக்குக் கிடைத்தது. வேலை தெளிவாக இருந்தால் இசையும் தெளிவாக இருக்கும்.

'அந்தப் பாட்டு மாதிரி'

புது இயக்குநர்கள் பெரும்பாலும் எடிட்டிங்கிலேயே ஏதோ ஒரு படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டிவிடுகிறார்கள். உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். நாலு வாரம் அதையே கேட்டுக் கேட்டு, கடைசியில் இசையமைப்பாளரிடம் வரும்போது வேண்டுகோள் இப்படி இருக்கும்: "ப்ரோ, இதே மாதிரி, ஆனா இது இல்லாம." பாவம், அவர் என்ன செய்வார்? இரண்டு சுரத்தை மாற்றிப் போட்டுத் தருவார்.

இதற்கு எதிராகவும் ஒரு நல்ல உதாரணம் உண்டு, மறைக்கக் கூடாது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தின் பின்னணி இசை அந்தப் படத்துக்காகப் போட்டதே இல்லை. இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். அது அவ்வளவு பொருந்தியது எப்படி? அந்த இசைக்கு அர்ச்சனாவின் பாத்திரம் யாரென்றே தெரியாது. அவள் சிமெண்டுக்கு அலைவதும் கடனுக்கு அலைவதும் தெரியாது. தெரியாததால் அது அவளுக்காக அழவில்லை. தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு போகிறது. அவள் கஷ்டத்தைப் பார்த்து வருத்தப்படும் பொறுப்பு நம்மிடமே விடப்படுகிறது.

ஆக, ஏற்கெனவே உள்ள இசையைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. அதைப் போலி செய்யச் சொல்வதில்தான் தப்பு. இயக்குநர் அந்த இசையைக் காட்டுவதற்குப் பதிலாக, 'இந்த இடத்தில் பார்ப்பவருக்கு என்ன தெரியக் கூடாது?' என்று இசையமைப்பாளரிடம் சொல்லலாம். இசையமைப்பாளர் படப்பிடிப்புக்கு முன்னாலேயே ஸ்கிரிப்டைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். இரண்டுக்கும் காசு செலவில்லை.

மடவார் வளாகத்தில் ஒரு காட்சி

பொதுவாகப் பேசிக்கொண்டே இருந்தால் பிடிபடாது. ஒரு காட்சியை நாமே வைத்துப் பார்ப்போம்.

இடம், மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் இருக்கும் நாடகசாலை மண்டபம். திருமலை நாயக்கருக்கு வந்த வயிற்று வலி இங்கே தீர்ந்தது, அந்த நன்றிக்காக மண்டபம் எழுப்பினார் என்பது ஊரில் சொல்லும் கதை. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சென்னையிலிருந்து மகன் பேசுகிறான். வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். அவர் "சரிப்பா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறார். படம் இங்கே முடிகிறது. மொத்தம் இரண்டு நிமிடம்.

வழக்கமான முறையில் என்ன நடக்கும்? மகன் "வீட்டை" என்று ஆரம்பிக்கும்போதே வயலின் நுழையும். "உன் இஷ்டம்" என்ற இடத்தில் பியானோ. போனை வைத்ததும் புல்லாங்குழல். அந்தப் பெரியவர் என்ன நினைக்கிறார் என்று நாம் யோசிக்கும் முன்னால் மூன்று வாத்தியம் வந்து விளக்கிவிட்டுப் போய்விடும்.

வேறு மாதிரி யோசிப்போம். அந்த இடத்தில் என்னென்ன சத்தம் இருக்கிறது? கோயில் மணி. புறா. மதுரை–தென்காசி சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரன். தூரத்தில் மில் சங்கு. பெரியவர் முப்பது வருஷம் அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்கு வீடு திரும்பியவர். பேசிக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதுகிறது. அவர் பேச்சு ஒரு நொடி நிற்கிறது. இசையமைப்பாளர் செய்ய வேண்டியது, அந்தச் சங்கு எந்தச் சுருதியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. போனை வைத்த பிறகு பத்து நொடி எதுவும் வேண்டாம். புறாச் சத்தம் போதும். அதற்குப் பிறகு, நாதசுரக் கச்சேரியில் பின்னால் நின்று ஊதுவார்களே, அந்த ஒத்து, அது மட்டும், சங்கின் அதே சுருதியில். மெட்டே கிடையாது. யாரோ வாசிக்கப் போகிறார்கள் என்று நினைக்கும்போது படம் முடிந்துவிடுகிறது.

நல்ல காட்சியா என்பது வேறு விஷயம். ஆனால் இந்த முடிவுக்கு வர இசையமைப்பாளர் அந்த ஊருக்கு ஒரு நாள் வந்திருக்க வேண்டும். அல்லது இயக்குநர் அந்தச் சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்து அனுப்பியிருக்க வேண்டும். சங்கை ஸ்கிரிப்டில் எழுதியிருக்க வேண்டும். எடிட்டிங் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்தது தெரிந்த பிறகுதான் திருமலை நாயக்கர் மதுரையில் சாப்பிட உட்காருவாராம். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் வழிநெடுக மண்டபம் கட்டி, ஒரு முரசு கேட்டதும் அடுத்த முரசை அடித்து, சேதியைக் கடத்தினார்களாம். வரலாறோ கட்டுக்கதையோ, ஒலியைப் பற்றி அது சொல்வது எனக்குப் பிடிக்கும். வேறு எந்த வழியிலும் வந்து சேராத ஒரு சேதியை அந்த முரசு சொன்னது. ராஜா கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல முரசு எதற்கு?

கொஞ்சம் கணக்கு

பொறியாளன் எழுதும் குறிப்பில் கணக்கு இல்லாமல் இருக்குமா? இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டும் நடைமுறையில் உதவும்.

முதலாவது, லயம். படம் நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால், நிமிடத்துக்கு 80 தட்டு உள்ள இசையில் ஒரு தட்டு 0.75 நொடி, அதாவது சரியாக 18 ஃப்ரேம். 72 தட்டு என்றால் 20 ஃப்ரேம். படத்தை 25 ஃப்ரேமில் எடுத்திருந்தால் 75 தட்டுக்கு 20 ஃப்ரேம். எடிட்டரும் இசையமைப்பாளரும் முன்கூட்டியே ஒரு வேகத்தைப் பேசி வைத்துக்கொண்டால், வெட்டுகள் தாளத்தில் விழும், வேண்டும் என்றால் வேண்டுமென்றே விலகியும் விழும். பேசி வைக்காவிட்டால், வெட்டுக்கு ஏற்றபடி இசையை இழுத்தும் சுருக்கியும் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அந்த ஒட்டு காதுக்குத் தெரியும்.

இரண்டாவது, கேட்கும் கருவி. குறும்படத்தைத் தியேட்டரில் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். மிச்சப் பேர் போனில் பார்க்கிறார்கள், அதிலும் பலர் இயர்போன் இல்லாமல். போன் ஸ்பீக்கரில் அடித்தொனி கிட்டத்தட்ட வரவே வராது. நல்ல ஸ்டூடியோ ஸ்பீக்கரில் நெஞ்சை அதிரவைத்த அந்த 'தொம்ம்' போனில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது நடுத்தொனிகள். மனிதப் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு வேண்டிய பகுதியும் அதுதான், ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. வயலினும் குழலும் பெரும்பாலும் உட்காருவது அங்கேயேதான். ஆக, வசனத்துக்கு அடியில் வயலினை ஓடவிட்டால் போனில் பார்ப்பவருக்கு இரண்டும் சண்டை போடும். வசனம் புரியவில்லை என்று கமெண்டில் வரும் புகார்களுக்கு எப்போதும் மைக் மட்டுமே காரணம் கிடையாது. மிக்ஸிங் முடிந்ததும் ஒரு தடவை போனிலேயே, தெருவோர டீக்கடையில் நின்று கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

காகிதத்தில் ஒரு வரி

கடைசியாக ஒன்று. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குறும்பட இசைக்குப் பெரும்பாலும் பணம் கிடையாது. "பேர் வரும் ப்ரோ" என்பதுதான் சம்பளம். நண்பர்களுக்குள் அது தப்பும் இல்லை. ஆனால் இசை யாருடையது என்று எழுதி வைக்காமல் விடுவது இரண்டு பேருக்குமே ஆபத்து. படம் திடீரென்று லட்சக்கணக்கில் ஓடி, ஏதாவது தளம் விலைக்குக் கேட்கும்போதுதான் நட்பு முறியும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ஒரு பெரிய பாதுகாப்பு. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடுவது தவிர மற்ற வகைப் பயன்பாடுகளுக்கு, ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அவர்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. குறும்படம் திரையரங்குக்குப் போவதே அபூர்வம் என்பதால் இது குறும்பட இசையமைப்பாளர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட அரைமணி நேரம் ஆகும்.

அந்த அரைமணி நேரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. இசை யாருடையது என்று பேச உட்காரும் இரண்டு பேர், இசை எதற்கு என்றும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சைத்தான் படப்பிடிப்புக்கு முன்னால் நடத்தச் சொல்கிறேன். காட்சிக்கு எதிரே ஒரு கட்டம் போட்டு, படம் சொல்வது, வசனம் சொல்வது, சத்தம் சொல்வது, இசை சொல்வது என்று நாலு பத்தி வரைந்துகொள்ளுங்கள். ஒரே விஷயம் இரண்டு பத்தியில் வந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். எதை அடிப்பது என்பதில் இயக்குநரும் இசையமைப்பாளரும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சண்டையிலிருந்து வரும் படத்தைக் கண்ணை மூடிக் கேட்டால்கூட, இது நம்ம ஊர்ப் படம் என்று தெரிந்துவிடும்.